தாஜ் மஹால் திரையில் எங்கெங்கே? ஒரு ப்ளூஸ் கலைஞரின் படப்பட்டியலைத் தயாரிப்பது எப்படி

ஐஎம்டிபி (படங்கள், கலைஞர்கள் பற்றிய இணையத் தரவுத்தளம்) பக்கத்தை அப்படியே நகலெடுத்தால் பட்டியல் வரும். ஆனால் கலைஞர் நடித்த படத்துக்குத் தனித் தலைப்பு இருந்தாலும், அவர் குரல் மட்டும் ஒலித்த படமும், அவர் எழுதியதை வேறொருவர் பாடிய படமும் அதில் ஒரே தலைப்பின் கீழ் நிற்கும். அந்த மூன்றையும் பிரிப்பதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. எடுத்துக்காட்டாக 1942இல் பிறந்த அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் தாஜ் மஹாலை எடுத்துக்கொள்வோம். நடிப்பு, பின்னணி இசை, மேடை நிகழ்ச்சி, கார்ட்டூன் டைட்டில் சாங் என்று எல்லாப் பக்கமும் கால் வைத்தவர் என்பதால், வரக்கூடிய சிக்கல்கள் அனைத்தும் இவர் ஒருவரிடமே கிடைக்கும்.

முதல் சிக்கல் பெயர். தேடுபொறியில் வெறுமனே ‘தாஜ் மஹால்’ என்று போட்டால் ஆக்ரா வரும். 1963இன் இந்திப் படம் வரும். 1999இல் பாரதிராஜா இயக்கிய தமிழ்ப் படமும் வரும். பெயரோடு ‘ப்ளூஸ்’ என்று சேர்த்துத் தேடுங்கள். ஐஎம்டிபியில் ஒவ்வொருவருக்கும் ‘என்எம்’ என்று தொடங்கும் எண் ஒன்று உண்டு. பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணைக் குறித்துவைத்தால் ஆள் மாறாது. பாடலாசிரியர் பதிவுகளைத் தேடும்போது இயற்பெயர் வேண்டும்: ஹென்றி செயின்ட் கிளேர் ஃபிரெடெரிக்ஸ். நடுப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். குடும்பப் பெயரை மட்டும் போட்டுத் தேடி, பாட்டின் பெயரால் வடிகட்டுவதே நல்லது.

அடுத்து எக்செல் ஷீட். இந்தப் பத்திகள் போதும்: படம், எடுத்த ஆண்டு, வெளியான ஆண்டு, வகை (திரைப்படம், டிவி படம், தொடர், ஆவணப்படம்), பங்கு, டைட்டில் கார்டில் உள்ள சொற்கள் அப்படியே, பாட்டு, எழுதியவர், பாடியவர், நேரம், பார்த்த பதிப்பு. ‘பங்கு’ பத்தியில் ஆறு சொற்களுக்கு மேல் அனுமதிக்காதீர்கள்: நடிகர், தானாகவே (பாத்திரமாக அல்லாமல்) தோன்றியவர், இசையமைப்பாளர், வாசித்தவர் அல்லது பாடியவர், பாடலாசிரியர், பழைய காட்சித் துண்டு. ஒரே படத்தில் இரண்டு பங்கு இருந்தால் இரண்டு வரிசை.

1972இல் மார்ட்டின் ரிட் இயக்கிய ‘சவுண்டர்’ அப்படிப்பட்டது. அதில் தாஜ் மஹால் ஐக் என்ற பாத்திரத்தில் நடித்தார், இசையும் அவரே. ஆனால் அந்தப் படத்தில் ஒலிக்கும் ‘நீடட் டைம்’ பதிவு லைட்னின் ஹாப்கின்ஸ் பாடியது. இசை இவருடையது என்பதற்காக எல்லாக் குரலையும் இவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 2003இல் அதே கதை அதே பெயரில் டிவி படமாகவும் வந்தது. படத்தின் பெயரை மட்டும் பார்த்து ஆண்டைப் போடுகிறவர்கள் விழும் குழி இது.

பாடலாசிரியர் பங்கில்தான் மிக அதிகமான பட்டியல்கள் கெடுகின்றன. ‘ஷீ காட் த கேட்டி’ என்ற பாட்டை தாஜ் மஹாலும் யாங்க் ரேச்சலும் எழுதினார்கள். தாஜ் மஹால் அதை 1968இல் ‘த நேச்சல் ப்ளூஸ்’ ஆல்பத்தில் பாடினார். 1980இல் ‘த ப்ளூஸ் பிரதர்ஸ்’ படத்தின் தொடக்கத்தில் ஒலிப்பதும் அதே பாட்டுதான், ஆனால் குரல் ஜான் பெலுஷியுடையது. ஐஎம்டிபி இதையும் ‘சவுண்ட்டிராக்’ என்ற தலைப்பின் கீழ்தான் வைக்கும். அந்தத் தலைப்பைத் திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘ரைட்டர்’ என்று இருக்கிறதா, ‘பெர்ஃபார்மர்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாகவும் நடக்கும். ‘லீவிங் டிரங்க்’ ஸ்லீப்பி ஜான் எஸ்டெஸின் பாட்டு, ‘ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்’ பிளைண்ட் வில்லி மெக்டெல்லுடையது. இவற்றை தாஜ் மஹாலின் பதிவில் ஒரு படம் பயன்படுத்தினால், இவர் பாடியவர் மட்டுமே. சந்தேகம் வந்தால் பாட்டுக்கான உரிமைத்தொகையை வசூலிக்கும் அமெரிக்க அமைப்புகளான ஆஸ்கேப், பிஎம்ஐ இரண்டும் சேர்ந்து தொடங்கிய சாங்வியூ தரவுத்தளத்தில் பாட்டின் பெயரைப் போடுங்கள். எழுதியவர்களும் பதிப்பாளர்களும் அங்கே கிடைப்பார்கள்; பணம் கட்ட வேண்டாம்.

வாசித்தவர் வேறு, இசையமைப்பாளர் வேறு. 1990இல் டென்னிஸ் ஹாப்பர் இயக்கிய ‘த ஹாட் ஸ்பாட்’ படத்துக்கு இசை ஜாக் நிட்ஷே. ஜான் லீ ஹூக்கர், மைல்ஸ் டேவிஸ், தாஜ் மஹால் மூவரும் அதில் வாசித்தவர்கள். பிரபலமான இந்த மூன்று பெயர்கள்தான் கண்ணில் அறையும். அவற்றை மட்டும் எழுதினால் நிட்ஷே காணாமல் போவார்.

ஆண்டு விஷயத்தில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் அண்ட் ரோல் சர்க்கஸ்’ நல்ல பாடம். லண்டனில் 1968 டிசம்பரில் எடுத்தார்கள், வெளிவந்தது 1996இல். ஒரே ஆண்டை எழுதினால் அவருடைய திரைவாழ்க்கை இருபத்தெட்டு ஆண்டு இடம் மாறிவிடும். படத்தில் அவர் பாடுவது ‘எய்ன்ட் தட் எ லாட் ஆஃப் லவ்’ மட்டும். மற்றப் பாட்டுகள் பிற்பாடு டிவிடியில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்குக் குறிப்பு போதும், தனி வரிசை வேண்டாம். ‘சாங்கேட்சர்’ போல விழாவில் 2000இலும் அமெரிக்கத் திரையரங்கில் 2001இலும் வந்த படங்களுக்கு எந்த ஆண்டை எடுப்பது என்று முதலிலேயே முடிவுசெய்து, எல்லாவற்றுக்கும் அதையே பின்பற்றுங்கள்.

மற்றவை எளிது. 1976இன் ‘பார்ட் 2, சவுண்டர்’, 1977இன் ‘பிரதர்ஸ்’ இரண்டிலும் இசையமைப்பாளர். 1991இன் ‘பில் அண்ட் டெட்ஸ் போகஸ் ஜர்னி’யில் வாயில்காவலராக நடித்தார். 2003இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் ஒளிபரப்பிய ‘த ப்ளூஸ்’ ஆவணத் தொடரில், மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கிய பகுதியில் தாஜ் மஹாலாகவே தோன்றுகிறார். 2004இல் தொடங்கிய ‘பீப் அண்ட் த பிக் வைட் வேர்ல்ட்’ சிறுவர் தொடரின் டைட்டில் சாங்கைப் பாடியவர் இவர். எபிசோடுக்கு ஒரு வரிசை என்று எழுதிப் பட்டியலைப் பெருக்காமல் தொடருக்கு ஒரே வரிசை போடுங்கள். சித்ரவீணை ரவிகிரணும் விஸ்வ மோகன் பட்டும் இவரோடு வாசித்த ‘மும்தாஜ் மஹால்’ (1995) நம் ஆட்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. ஆனால் அது ஆல்பம், இங்கே இடமில்லை.

இனி சரிபார்ப்பு. எண்ட் கிரெடிட்ஸில் பாட்டு விவரம் பெரும்பாலும் கடைசிப் பகுதியில் வரும்: முதலில் பாட்டு, பிறகு ‘ரிட்டன் பை’ (எழுதியவர்), ‘பெர்ஃபார்ம்டு பை’ (பாடியவர் அல்லது வாசித்தவர்), அதன்பின் ‘கர்ட்டஸி ஆஃப்’. கடைசி வரி எந்த நிறுவனத்தின் பதிவு என்று சொல்லும். பழைய பதிவா, படத்துக்காகப் புதிதாகப் பாடியதா என்பதை அதை வைத்து ஊகிக்கலாம். ஓடிடியில் பார்த்தால் அடுத்த படம் தானாக ஓடுவதை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கிரெடிட்ஸ் மூலையில் சுருங்கிப் படிக்க முடியாது. டிவியில் பதிவுசெய்த காப்பியில் அந்தப் பகுதியே வெட்டப்பட்டிருக்கலாம்.

நேரம் குறிக்கும்போது பதிப்பையும் குறியுங்கள். திரையரங்கில் நொடிக்கு 24 பிரேம். ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் வரும் டிவிடியில் 25. அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். சரியாக ஒரு மணி நேரத்தில் வர வேண்டிய பாட்டு 57 நிமிடம் 36 நொடியில் வரும். சரிசெய்யாத டிவிடிகளில் சுருதியும் சற்று ஏறும். படத்தைக் கேட்டுக்கொண்டே கிட்டாரில் கூட வாசிப்பவர்களுக்குச் சுதி சேராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்டில் பெயர் இல்லாமல், கேட்ட குரலை வைத்து மட்டும் ‘இவர்தான்’ என்று தோன்றுவதை முதன்மைப் பட்டியலில் சேர்க்காமல் தனி ஷீட்டில் வையுங்கள். ஐஎம்டிபியில் திருத்தம் அனுப்புவதானால், கார்டின் சொற்களையும் அது வரும் நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.