மீன் ராசி இல்லை என்று தொட்டியைக் கவிழ்க்கும் முன்

"எங்களுக்கு மீன் ராசி இல்லை" என்று சொல்லி, கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்து வீட்டுக் கோடியில் வைத்துவிட்டவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். எல்லா வீட்டிலும் கதை ஒன்றுதான். பிள்ளையின் பிறந்தநாளுக்குத் தொட்டி வாங்குவார்கள், அன்று பின்னேரமே ஆறு கோல்ட்பிஷ் வந்துவிடும். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். நாலைந்து நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடுத்த கிழமைக்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். பிள்ளை அழும்.

ராசியில் ஒரு பிழையும் இல்லை. மீனுக்கு முன்னால் அந்தத் தொட்டியில் குடியேறியிருக்க வேண்டிய பக்டீரியா இன்னும் குடியேறவில்லை, அவ்வளவுதான்.

மீன் தன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகும்போதும் அமோனியாதான் வரும். அது மீனுக்கு நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். அதை நைட்ரோஸ்பைரா என்ற இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும். கிழமைக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் அது சேராது.

முதல் தவறு அவசரம். சட்டித் தயிர் ஓர் இரவில் உறைந்துவிடும், ஏனென்றால் தயிர் பக்டீரியா மளமளவென்று பெருகும். இந்தக் கூட்டம் அப்படி இல்லை. ஒன்று இரண்டாகவே பல மணி நேரம், சிலவேளை ஒரு நாள்கூடப் பிடிக்கும். அதனால்தான் புதுத் தொட்டி தயாராக நாலு முதல் ஆறு கிழமை ஆகிறது. அதுவரை மீன் இல்லாமலே அவற்றுக்குச் சாப்பாடு போடலாம். சந்தையில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைப் பழைய துணியில் கட்டி, பில்டர் ஓடும் தொட்டிக்குள் விடுங்கள். அது அழுகி அமோனியா தரும். மணக்கத்தான் செய்யும், மூடி போட்டுக்கொள்ளுங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூச்சியமாகி, நைட்ரேட் மட்டும் இருந்தால் இறாலை எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றி, அன்றோ மறுநாளோ இரண்டு மூன்று மீன் விடலாம். மீன் இல்லாமல் நாட்கணக்கில் விட்டால் பக்டீரியா பட்டினி கிடக்கும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இவற்றை அளக்க, சொட்டு மருந்து மாதிரி வரும் ரெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மீனுக்குச் செலவழிக்கும் காசில் முதல் காசு அதற்குப் போகட்டும்.

தயிருக்கு உறை ஊற்றுவது போல இதற்கும் உறை உண்டு. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் பில்டர் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். காயவிடாமல், அந்தத் தொட்டித் தண்ணீரோடே கொண்டுவந்து உங்கள் பில்டருக்குள் வையுங்கள். காத்திருப்பு பாதியாகக்கூடக் குறையும். பழைய தொட்டியின் தண்ணீரை மட்டும் வாளியில் கொண்டுவந்து ஊற்றினால் பெரிதாகப் பலன் இல்லை. இந்த பக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. ஸ்பொஞ்சிலும் கல்லிலும் ஒட்டித்தான் வாழும்.

இது தெரியாததால்தான் அடுத்த தவறு நடக்கிறது. நானும் அதைச் செய்தேன். தொட்டி வைத்து இரண்டு மாதம், கப்பிகள் குஞ்சு போட்டு நன்றாக இருந்தன. ஸ்பொஞ்ச் கறுத்து வழுவழுப்பாக இருக்கிறதே என்று பைப்பின் கீழ் வைத்து, வெள்ளையாகும்வரை பிழிந்து கழுவினேன். மூன்று நாளில் பாதி மீன் போய்விட்டது. அந்த வழுவழுப்புக்குள்தான் பக்டீரியா இருந்தது. எங்கள் நகரத்துக் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து எடுத்து, சுத்திகரித்து, குளோரின் சேர்த்து வருவது. கிருமியைக் கொல்லச் சேர்த்த குளோரின் நல்லதையும் கொல்லும். ஸ்பொஞ்ச் அடைத்தால், தொட்டியிலிருந்தே ஒரு வாளி தண்ணீர் எடுத்து அதில் இரண்டு தரம் பிழியுங்கள், போதும். தொட்டிக்கு ஊற்றும் குழாய்த் தண்ணீரையும் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் இந்தக் கவலை இல்லை. ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அதுவும் குழாய்த் தண்ணீர் மாதிரித்தான்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பில்டரை நிறுத்துவது எங்கள் ஊரில் பரவலான பழக்கம். தயவுசெய்து வேண்டாம். இந்த பக்டீரியாவுக்கு ஒட்சிசன் மூச்சு. 25 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 8 மில்லிகிராம் அளவில் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும், 30 பாகையில் அது 7.5 ஆகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் தொட்டிகள் அந்தச் சூட்டில்தான் கிடக்கின்றன. 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில், மூடிய டப்பா பில்டர் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள். உள்ளே அடைபட்ட தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். கரண்ட் போனால் அந்த ஸ்பொஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள். பற்றரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ அள்ளிய கடற்கரை மணலைத் தொட்டிக்குப் போடாதீர்கள். அதிலுள்ள சிப்பித் தூளும் பவளத் துகளும் கரைந்து, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீஎச்சை ஏற்றும். 30 பாகையில் பீஎச் 7 ஆக இருந்தால், மொத்த அமோனியாவில் கடும் நஞ்சான வடிவம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பீஎச் 8 ஆனால் அது நூற்றுக்கு 7க்கும் மேலே போய்விடும். அமோனியாவின் அளவு ஒன்றாக இருந்தாலும் நஞ்சு பல மடங்கு. கழுவிய ஆற்று மணல் போதும்.

முதல் கிழமையில் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கினால் பதறி முழுவதையும் கொட்டாதீர்கள். அது வேறு பக்டீரியா, தானாகத் தெளியும். மீன் சோர்ந்து நிற்கிறது என்று கடையில் தரும் மெதிலீன் நீலத்தைத் தொட்டிக்குள் விடாதீர்கள், அது பில்டரில் வளர்ந்ததையும் அழிக்கும். மருந்து போட வேண்டுமென்றால் மீனைத் தனி வாளியில் வைத்துப் போடுங்கள்.

சரி, மீனை ஏற்கெனவே விட்டாயிற்று என்றால்? தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், ஸ்பொஞ்சைத் தொடாதீர்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் கபில நிறமாகும், செவுளிலும் அந்த நிறம் தெரியும். கோல்ட்பிஷ், கப்பி என்றால் 10 லீற்றருக்கு 10 கிராம் சாதாரண உப்பைத் தனியே கரைத்து மெல்ல மெல்ல ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு நைட்ரைட்டைச் செவுளுக்குள் புகவிடாமல் தடுக்கும். தண்ணீர் மாற்றும்போது, எடுத்த அளவுக்கு மட்டும் உப்பைத் திரும்பச் சேர்த்தால் போதும்.