பெற்றோர் உரிமை ஒரு கடிதத்தால் முடியாது

யாழ்ப்பாணத்தில் கைவிடப்பட்ட பிள்ளையை அம்மம்மாவோ பெரியம்மாவோதான் பெரும்பாலும் எடுத்து வளர்க்கிறார்கள். மனதில் குறையில்லை. கடதாசியில்தான் இந்தப் பிழைகளை விடுகிறார்கள்.

சமாதான நீதவான் முன் வாங்கும் கையெழுத்து

“என் மகனை அம்மாவிடம் பூரணமாக ஒப்படைக்கிறேன்” என்று தாய் எழுதி, முத்திரையும் குத்தியாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிறார்கள். இதைவிடப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் பிழை வேறில்லை. பெற்றோர் உரிமையை இப்படி எழுதி வாங்க இலங்கைச் சட்டத்தில் வழி கிடையாது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றம் மகவேற்புக் கட்டளை பிறப்பித்தால்தான் அது அற்றுப்போகும். ஐந்து வருடம் கழித்துத் தாய் பிறப்புச் சான்றிதழோடு படலையடியில் வந்து நின்றால், அந்தக் கடிதத்தைக் காட்டி ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனாலும் பெற்றோரின் சம்மதம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

தாய் சம்மதிக்காவிட்டாலும் வழி உண்டு. பிள்ளையைக் கைவிட்டார், அல்லது தேடியும் கிடைக்கவில்லை என்று நிரூபித்தால், சம்மதம் இல்லாமலே நீதிமன்றம் கட்டளை தரலாம். ஆகவே கடிதம் எழுதுவிக்க நினைக்கும் நாளிலேயே, பிள்ளைகளின் விடயத்தைப் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போங்கள்.

தாயின் முகவரியை மறைப்பது

தாய்க்கு நீதிமன்ற அறிவித்தல் போகாமல் பெற்ற கட்டளையை அவர் பிறகு வந்து எதிர்க்கலாம். தெரிந்த முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் கொடுங்கள்.

நீதவான் நீதிமன்றக் கட்டளையை முடிவென்று எடுப்பது

1939ஆம் ஆண்டின் சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிள்ளையை உறவினரிடம் விட்டால், கைமாறுவது பராமரிப்பு மட்டுமே.

திகதியில்லாத முறைப்பாடு

“தாய் பார்ப்பதே இல்லை” என்று எழுதினால் நீதிமன்றத்தில் அது நிற்காது. ஒரு கொப்பியில் இப்படி எழுதி வையுங்கள்: “2024.03.11, திங்கள். தாய் இரவு முழுக்க வீட்டில் இல்லை. காலையில் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. பக்கத்து வீட்டில் சோறு கொடுத்தார்கள்.” பாடசாலை வரவுப் பதிவும் கிளினிக் கொப்பியில் தவறிய தடுப்பூசித் திகதியும் இதோடு பொருந்தினால் வழக்கு பலக்கும்.

வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதுவது

கூடாது.

அவசரத்திலும் மனு எழுதிக்கொண்டிருப்பது

பிள்ளைக்கு இன்றிரவே ஆபத்தென்றால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள். கொப்பியை நாளைக்கு எழுதலாம்.