பழைய அமெரிக்கக் கடிதமும் படமும்: பெயரை நம்பும் முன் பொருளைப் படிக்கும் முறை

கடிதத்தின் அடியில் ‘ஜி. வாஷிங்டன்’ என்றிருக்கலாம். படத்தின் பின்னால் ‘ஜெனரல் கிராண்ட்’ என்று பென்சிலில் எழுதியிருக்கலாம். அந்தப் பெயரைக் கடைசியாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பெயரை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் எழுதிவிட முடியும். தாள், மடிப்பு, மை, தபால் குறி, தகடு, அட்டையின் மூலை ஆகியவற்றை அவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியாது. இவை சொல்லும் காலமும் பெயர் சொல்லும் காலமும் ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு நகரலாம்.

தேவையான கருவிகள் கொஞ்சம்தான்: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வலுக் குறைந்த சிறு காந்தம், அளவுகோல், ஒரு டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், மென்மையான பென்சில். கடிதத்தைக் கழுவித் துடைத்த வெறுங்கையால் தொடுங்கள்; கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு மங்கி, தாளின் ஓரம் கிழிந்துவிடும். படங்களுக்கு நைட்ரைல் கையுறை வேண்டும். பேனா மேசை மேலேயே இருக்கக் கூடாது.

படம் எந்த வகை?

பரவலான முதல் புகைப்பட முறையான டகரோடைப் 1839இல்தான் பாரிஸில் வெளியிடப்பட்டது. வாஷிங்டன் 1799இல் இறந்தார்; ஜெஃபர்சனும் ஜான் ஆடம்ஸும் 1826 ஜூலை 4 அன்று ஒரே நாளில் இறந்தார்கள். இவர்களுடைய ‘புகைப்படம்’ என்று எது வந்தாலும், அது ஓவியத்தைப் பார்த்து எடுத்த படம்தான். ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 1843இலும் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 1845இலும் எடுத்த டகரோடைப்கள் உண்டு. அப்போது இருவரும் பதவியை விட்டு இறங்கியிருந்தார்கள். அமெரிக்கப் படைகளைக் காட்டும் மிகப் பழைய போர்க்காலப் படங்கள் 1846–48 மெக்சிகோ போரைச் சேர்ந்தவை.

படத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கண்ணாடி போல உங்கள் முகமே தெரிந்து, இன்னொரு கோணத்தில் உருவம் எழுந்து வந்தால் அது டகரோடைப், அதாவது வெள்ளி பூசிய செப்புத் தகடு. உருவம் எந்தக் கோணத்திலும் மாறாமல், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்தால் அம்ப்ரோடைப் அல்லது டின்டைப். இரண்டையும் பிரிக்கக் காந்தம் போதும். டின்டைப் இரும்புத் தகடு என்பதால் மேலே கண்ணாடி மூடியிருந்தாலும் காந்தம் லேசாக இழுக்கும். தகட்டில் நேராக ஒட்டி உரசவிடாதீர்கள். அம்ப்ரோடைப் கண்ணாடித் தகட்டில் எடுத்தது, இழுக்காது. அதன் காப்புரிமை 1854, டின்டைப்பினுடையது 1856. இன்று பழைய முறையிலேயே எடுத்து விற்கும் டின்டைப்கள் பெரும்பாலும் அலுமினியத் தகட்டில் செய்யப்படுகின்றன. டின்டைப் என்று சொல்லப்படும் தகட்டில் காந்தத்தின் இழுப்பே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தகடுகளில் அதிகம் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு அளவு: 2¾ அங்குலத்துக்கு 3¼ அங்குலம். முழுத் தகடு 6½க்கு 8½. படத்தைச் சுற்றியுள்ள பித்தளைச் சட்டம் 1840களில் வேலைப்பாடில்லாமல் எளிமையாக இருக்கும். 1850களின் பிற்பகுதியில் பூவேலை நிறைந்திருக்கும். ஆனால் பெட்டியும் சட்டமும் எளிதில் இடம் மாறுபவை. காலத்தை முடிவு செய்யத் தகட்டையே நம்புங்கள்.

பலர் தவறுவது இடவல மாற்றத்தில். டகரோடைப்பும் டின்டைப்பும் கேமராவுக்குள் இருந்த தகடேதான். ஆகவே உருவம் இடவலம் மாறித் தெரியும். இடுப்புப் பட்டையின் ‘யு.எஸ்.’ எழுத்துகள் திரும்பியிருக்கும், துப்பாக்கியின் சுத்தியல் இடப்பக்கம் இருக்கும், கோட்டின் பொத்தான் எதிர்ப்பக்கம் மூடும். இது போலியின் அடையாளமே இல்லை. இதைக் கவனிக்காமல் ‘இடது கையை இழந்த கேப்டன்’ என்று ஆவணங்களைத் தேடினால் அவர் கிடைக்கவே மாட்டார். அவர் இழந்தது வலது கை.

நிறங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அந்தக் கால ரசாயனப் பூச்சு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். அதனால் காலாட்படையின் வெளிர்நீலக் கால்சட்டை வெளுத்தும், பீரங்கிப் படையின் சிவப்புப் பட்டையும் குதிரைப் படையின் மஞ்சள் பட்டையும் கறுத்தும் தெரியும். வெளிர்நீலக் கண்கள் வெள்ளையாகவே விழுந்துவிடும்.

அட்டைப் படங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861–65) கொடிகட்டிப் பறந்தது கார்ட் டி விசிட்: சுமார் 2½க்கு 4 அங்குல அட்டையில் ஒட்டிய, முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய அச்சு. லென்ஸில் தாளின் நார்கள் தெரிய வேண்டும். வெளிச்சமான இடங்கள் மஞ்சளாகியிருக்கும். நார்களுக்குப் பதில் வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் பின்னாளில் அச்சடித்த நகல். போர்க்கால அட்டை மெல்லியது, மூலைகள் சதுரம், ஓரத்தில் ஒன்றோ இரண்டோ தங்கக் கோடுகள். வட்ட மூலைகள் 1870களில்தான் பரவின. 4¼க்கு 6½ அங்குல கேபினட் அட்டை 1866க்குப் பிந்தையது.

அட்டையின் பின்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்ப் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை மட்டுமே புகைப்படங்களுக்கு இந்த வரி இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட், 50 சென்ட் வரை 3 சென்ட், ஒரு டாலர் வரை 5 சென்ட். படத்துக்கென்று தனி ஸ்டாம்ப் வெளியாகவில்லை. காசோலைக்கும் சீட்டுக்கட்டுக்குமான ஸ்டாம்புகளையே ஒட்டினார்கள். ஸ்டாம்பை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி படமெடுத்தவர் அடித்த பேனாக் கோடு அட்டை மீதும் நீள்கிறதா என்று பாருங்கள். நீண்டால் ஸ்டாம்ப் அங்கேயே ஒட்டப்பட்டது என்பதற்கு நல்ல சான்று. சில சமயம் தேதியும் எழுதியிருக்கும்.

தலைவர்களின் அட்டைகள் கடைகளில் ஏராளமாக விற்றவை. புகைப்படக்காரர் மேத்யூ பிராடியின் நெகட்டிவிலிருந்து நியூயார்க்கின் ஆண்டனி நிறுவனம் அச்சிட்ட லிங்கன் அட்டை ஒரு குடும்ப ஆல்பத்தில் இருப்பதால், அந்தக் குடும்பத்துக்கு லிங்கனைத் தெரியும் என்றாகாது.

சீருடையைப் படித்தல்

வடக்குப் படை அதிகாரியின் பொத்தான் வரிசையே பதவியைச் சொல்லிவிடும். ஒற்றை வரிசையில் 9 பொத்தான் என்றால் கேப்டன் அல்லது லெப்டினன்ட். இரட்டை வரிசையில் ஏழேழு என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. இரண்டிரண்டாகச் சேர்ந்த எட்டெட்டு பிரிகேடியர் ஜெனரல்; மும்மூன்றாகச் சேர்ந்த ஒன்பதொன்பது மேஜர் ஜெனரல். தோளில் தைத்த அதிகாரிப் பட்டைக்குள் கோடே இல்லாதவர் இரண்டாம் லெப்டினன்ட். அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணச் சிப்பாய் என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று நட்சத்திரம் என்றால் பெரும்பாலும் 1864 மார்ச்சுக்குப் பிந்தைய, வடக்குப் படையின் தலைமைத் தளபதி கிராண்ட். தொப்பியில் மூவிலை, வைரம், நட்சத்திரம் போன்ற கோர் (பெரும் படைப்பிரிவு) சின்னம் இருந்தால் படம் பெரும்பாலும் 1863 மார்ச்சில் வடக்குத் தளபதி ஹூக்கர் உத்தரவிட்ட பிறகு எடுத்தது.

கடிதம்: முதலில் தாளும் மடிப்பும்

டார்ச்சைத் தாளுக்குப் பின்னால் பிடியுங்கள். ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில் கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தால் அது பழைய கோட்டுத் தாள். சுதந்திரப் போர்க் காலத்துக் (1775–83) கடிதங்களில் எதிர்பார்க்க வேண்டியது இதுதான். கோடற்ற சீரான தாள் அமெரிக்காவில் 1800க்குப் பிறகு பரவியது. இவை கந்தல் துணியிலிருந்து செய்தவை என்பதால் 200 ஆண்டு கழித்தும் துவண்டு மடங்கும். ஓரம் பழுப்பேறி நொறுங்கும் மரக்கூழ்த் தாளில் 1778ஆம் ஆண்டுத் தேதி இருந்தால் மேலே பார்க்க வேண்டியதில்லை. புற ஊதா ஒளியைச் சில நொடிகள் மட்டும் காட்டுங்கள். தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த 20ஆம் நூற்றாண்டுத் தாள்.

தாள் பழையது என்பதால் மட்டும் கடிதம் உண்மையாகிவிடாது. போலி செய்பவர்கள் பழைய புத்தகங்களின் வெற்றுப் பக்கங்களை வெட்டி எடுப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் வாஷிங்டன் பெயரில் போர்க்கால அனுமதிச் சீட்டுகளையும் காசோலைகளையும் செய்து விற்றே பிழைத்தார். இங்கே உதவுவது மடிப்பு. உண்மைக் கடிதத்தில் எழுதிய பிறகே மடித்திருப்பார்கள். மடிப்பு, காய்ந்த மையை உடைத்துக்கொண்டு போகும். ஏற்கெனவே மடிந்து நைந்த தாளில் எழுதினால் மை அந்த விரிசலுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் கசியும். லென்ஸில் இது தெளிவாகத் தெரியும்.

1845க்கு முன் தபால் கட்டணம் தாள்களின் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்ப வாங்கப்பட்டது. உறையும் ஒரு தாளாகக் கணக்கானதால் பெரும்பாலும் யாரும் உறை போடவில்லை. பெரிய தாளை நடுவில் மடித்து மூன்று பக்கம் எழுதி, நான்காவது பக்கத்தை வெளியே வரும்படி மடித்து, முகவரி எழுதி அரக்கு வைத்தார்கள். அரக்கு இருந்த இடத்தில் தாள் பிய்ந்திருப்பது நல்ல அடையாளம்; அதை ஒட்டிச் சரிசெய்ய வேண்டாம். மேல் மூலையில் எழுதியிருக்கும் எண் கட்டணம்: 1816 முதல் 1845 வரை ஒரு தாளுக்கு 30 மைல் வரை 6 சென்ட், 400 மைலுக்கு மேல் 25 சென்ட். எண்ணுக்குப் பதில் ‘ஃப்ரீ’ என்ற சொல்லும் கையெழுத்தும் இருந்தால் அனுப்பியவர் கட்டணச் சலுகை பெற்ற அதிகாரி அல்லது காங்கிரஸ் உறுப்பினர்.

முதல் அமெரிக்கத் தபால்தலைகள் 1847 ஜூலை 1 அன்று வந்தன: 5 சென்ட் ஃபிராங்க்ளின், 10 சென்ட் வாஷிங்டன். அவை 1851 ஜூலையில் செல்லாதவை ஆக்கப்பட்டன. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ‘சோல்ஜர்ஸ் லெட்டர்’ (சிப்பாயின் கடிதம்) என்று எழுதி அனுப்பினால் 3 சென்ட்டைப் பெறுபவர் கொடுக்கலாம். பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புடைய சொந்தத் தபால்தலை 1861 அக்டோபரில்தான் வந்தது. அங்கே 1862 ஜூலை 1 முதல் எந்தத் தூரத்துக்கும் 10 சென்ட்.

மையும் கையும்

மாசிக்காயும் இரும்புச் சத்தும் சேர்ந்த மை முதலில் கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகும். கனமாக விழுந்த இடத்தில் தாளையே அரிக்கும். ஒரு கோட்டை இன்னொன்று கடக்கும் இடத்தில் மை அடர்ந்திருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராக, தட்டையாக இருந்தால் அது கல்லச்சு நகல். 1864 நவம்பரில், போரில் மகன்களை இழந்த திருமதி பிக்ஸ்பிக்கு லிங்கன் பெயரில் சென்ற கடிதத்தின் மூலம் கிடைக்கவில்லை; அச்சடித்த நகல்களோ ஆயிரக்கணக்கில் உலவுகின்றன. இறகுப் பேனாவின் கோடு மெல்ல விரிந்து மெல்ல ஒடுங்கும். எஃகு முனை இரண்டு ஓரங்களிலும் கீறல் விடும். எஃகு முனை 1830களில் பரவியது.

கடித உடலின் கையெழுத்தும் ஒப்பமும் வேறுபட்டால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். சுதந்திரப் போர்க் காலத்தில் வாஷிங்டனின் கடிதங்களில் பெரும்பகுதியை அலெக்சாண்டர் ஹாமில்டன், டென்ச் டில்மன் போன்ற உதவியாளர்களே எழுதினார்கள், அவர் ஒப்பமிட்டார். மாறாக, 1833க்குப் பிந்தைய நிலப்பட்டாக்களில் குடியரசுத் தலைவரின் பெயரைச் சட்டப்படியே ஒரு செயலர் எழுதினார். அதனால் அந்தப் பட்டா போலியாகாது, ஒப்பத்துக்கான விலை மட்டும் அதற்குக் கிடையாது. லிங்கன் கடிதங்களில் ‘ஏ. லிங்கன்’ என்றே ஒப்பமிட்டார். நியமன ஆணை போன்றவற்றில்தான் முழுப் பெயர்.

ஆண்டு இல்லாத கடிதத்துக்கு மூன்று வழிகள் உண்டு. கிழமையைப் பாருங்கள்: ‘ஞாயிறு, ஜூலை 5’ என்றிருந்தால் உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் அது 1863 மட்டுமே. இடத்தைப் பாருங்கள்: வர்ஜீனியாவின் ஃபால்மவுத் அருகே முகாம் என்றால் 1862 நவம்பருக்கும் 1863 ஜூனுக்கும் இடையில், பிராண்டி ஸ்டேஷன் முகாம் என்றால் அநேகமாக அடுத்த குளிர்காலம். மடித்த தாளின் வெளிப்புறத்தைப் பாருங்கள்: பெற்றவர் அனுப்பியவரின் பெயரையும் தேதியையும் அங்கே குறித்து வைத்திருப்பார். உள்ளே ‘10 இன்ஸ்ட்’ என்றால் அதே மாதம் 10ஆம் தேதி, ‘அல்ட்’ என்றால் போன மாதம். இதில் தவறினால் முழுக் காலவரிசையும் ஒரு மாதம் தள்ளிப்போகும்.

படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்தாதீர்கள். சிப்பாய்கள் பேசியபடியே எழுதினார்கள். எழுத்துப் பிழை அவர்களின் உச்சரிப்பையும் ஊரையும் காட்டும். வரி முறிவையும் அப்படியே வைத்து, படிக்க முடியாத சொல்லுக்குச் சதுர அடைப்புக்குறி போடுங்கள்.

செய்யக் கூடாதவை

டகரோடைப்பின் முகத்தைப் பஞ்சாலோ தூரிகையாலோகூடத் துடைக்காதீர்கள். உருவம் மேற்பரப்பில் நிற்கும் நுண்துகள்தான். ஒரு தடவல் நிரந்தரக் கீறலாகிவிடும். வெள்ளிப் பாத்திரத் திரவத்தில் முக்கி எடுத்த தகடுகள் ஆண்டுகள் கழித்துப் புதுக் கறை பிடித்துக் கெட்டிருக்கின்றன. தகட்டைப் பெட்டியிலிருந்து பிரித்தால் காற்றுப் புகாமல் ஒட்டிய நாடா உடையும். உள்ளே பெயர்ச் சீட்டு இருக்கும் என்று தோன்றினாலும் அதைப் பாதுகாப்பு நிபுணரிடம் விடுங்கள். அம்ப்ரோடைப்பின் வார்னிஷ் ஆல்கஹாலில் கரையும். கடிதத்துக்கு லாமினேஷன், செலோ டேப் இரண்டும் கூடாது. குண்டூசியையும் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். துரு தாளைத் தின்னும்.

அமிலமற்ற கோப்பு, பாலியெஸ்டர் உறை, 21 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான வெப்பம், 30 முதல் 50 சதவீதம் ஈரப்பதம் போதும். பி.வி.சி. உறை வேண்டாம், அது அமிலத்தை வெளியிடும். பார்வைக்கு வைத்தால் ஒளி 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. அட்டைப் படத்தை 600 டி.பி.ஐ.யில், நிறத்தோடு, டிஃப் கோப்பாக, பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். டகரோடைப்பை ஸ்கேனரில் வைக்காமல், எதிரே கறுப்பு அட்டை பிடித்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவில் எடுங்கள்.

பெயரைத் தேடும் நேரம்

இப்போது பெயருக்கு வரலாம். உள்நாட்டுப் போர் வீரர் என்றால் தேசியப் பூங்கா சேவையின் இணையப் பட்டியலில் படைப்பிரிவைக் கண்டுபிடித்து, பிறகு வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சேவைப் பதிவையும் ஓய்வூதியக் கோப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஓய்வூதியக் கோப்பில் காயம், திருமணம், சில சமயம் கடிதங்கள்கூட இருக்கும். சுதந்திரப் போர் வீரருக்குப் பதிவு கிடைக்காவிட்டால் அவர் போரிடவில்லை என்று எண்ண வேண்டாம்; 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்ததில் பல ஆவணங்கள் அழிந்தன. வாஷிங்டன், ஹாமில்டன், ஜெஃபர்சன் போன்றோரின் கடிதங்களை ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் இலவசமாகத் தேடலாம். உங்கள் கையிலுள்ள வாசகம் அங்கே அப்படியே இருந்தால் மூலம் எந்தக் காப்பகத்தில் உள்ளது என்ற குறிப்பையும் படியுங்கள். ஜெஃபர்சன் நகலெடுக்கும் கருவிகளைப் பயன்படுத்தினார், ஆகவே ஒரே கடிதத்துக்கு இரண்டு படிகள் இருக்க முடியும். முகவரியும் அரக்கும் உள்ளதே அனுப்பிய படி.

வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. நீதிமன்றப் பதிவு, படைப்பிரிவுப் பட்டியல், அரசு அலுவலகக் கோப்பு போன்றவை தனியார் கையில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அரசு திரும்பக் கேட்கலாம். வட கரோலினா நீதிமன்றம் 1977இல், பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட வில்லியம் ஹூப்பரின் ஒப்பமுள்ள 1767–68ஆம் ஆண்டுக் குற்றப்பத்திரிகைகள் மாநிலத்துக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே பணம் கொடுக்கும் முன், அந்தத் தாள் தனிப்பட்ட ஒருவருக்கு அனுப்பிய கடிதமா, அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டிய பதிவா என்று விற்பவரிடம் கேட்டு, கைமாறிய வரலாற்றை எழுத்தில் வாங்குங்கள்.