உங்கள் கணினியிலேயே ஒரு நெபுலா

நெபுலா, அதாவது விண்வெளியின் வாயு-தூசி மேகம், அதைப் படமாகச் செய்ய அபோஃபிசிஸ் என்ற மென்பொருள் போதும், விண்டோஸில் இலவசமாகவே ஓடும். ஸ்காட் டிரேவ்ஸ் 1992-ல் உருவாக்கிய, கணிதச் சூத்திரங்களைத் திரும்பத் திரும்பப் போட்டு உருவம் வரையும் ஃபிராக்டல் ஃபிளேம் முறைதான் இதன் அடிப்படை. திறந்ததும் இடப்பக்கம் வடிவங்கள் வரிசையாக வரும், அதில் புகைபோலப் பரவியதை எடுங்கள். அப்புறம் எடிட்டரில், வடிவத்தை ஆட்டிவைக்கும் முக்கோணங்களில் ஒரே ஒன்றைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள், அது இம்மி நகர்ந்தாலும் மேகம் முழுக்கச் சுருண்டு வேறாகிவிடும், அதனால் பிடித்த நிலை வந்ததும் உடனே சேமித்துவிடுங்கள். வடிவம் வளையும் விதத்தை மாற்றும் வேரியேஷன் பட்டியலில் லீனியரைக் குறைத்து ஸ்பெரிக்கலைக் கூட்டினால் உருண்டை உருண்டையாக ஆழம் கிடைக்கும்.

நிறம்தான் உயிர். கூடவே வரும் கிரேடியன்ட்களை, அதாவது தயார் நிற வரிசைகளை, விடுங்கள், எல்லார் படத்திலும் அதேதான் இருக்கிறது. கடலூர் சில்வர் பீச்சில் விடிகிற நேரத்தில் எடுத்த போட்டோ ஒன்றை படத்திலிருந்து நிறங்களை எடுக்கும் ஸ்மூத் பேலட்டில் கொடுத்துப் பாருங்கள், கருநீலத்திலிருந்து செம்மஞ்சள் வரை நம் ஊர் வானமே அந்த மேகத்தில் இறங்கும், எனக்கு இதைவிட அழகான நிறம் வேறெங்கும் கிடைத்ததில்லை.

சோதனைக்குத் தரம் (குவாலிட்டி) 50 சரி, முழுப் படத்தை உருவாக்கும் கடைசி ரெண்டருக்கு 2000 வையுங்கள், குறைத்தால் படம் புள்ளி புள்ளியாக இருக்கும். நட்சத்திரங்களை ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் கறுப்பு லேயரில் சின்னதும் பெரிதுமாக வைத்து, கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும் ஸ்கிரீன் மோடில் நெபுலாவின் மேலே போடுங்கள்.