பிஷப்பைத் தமிழாக்கும்போது சறுக்கும் இடங்கள்

பெயரை ஒலிபெயர்ப்பதில் வரும் பிழைகளை மெய்ப்பு பார்ப்பவரே பிடித்துவிடுவார். பதவிப் பெயரில் வருபவை அச்சுக்குப் போய்விடும்.

சபையைப் பார்க்காமல் பதவியைப் பெயர்ப்பது

பிஷப் என்றால் ஆயர், ஆர்ச்பிஷப் என்றால் பேராயர். கத்தோலிக்கச் செய்திக்கு இது போதும். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) ஆர்ச்பிஷப் என்ற பதவியே கிடையாது. அங்கே பிஷப்தான் பேராயர். சபை முழுவதற்கும் தலைவரான மாடரேட்டர், பிரதமப் பேராயர். சென்னைப் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயப் பலகையில் ‘ஆயர்’ என்றிருந்தால் அது அந்தச் சபையின் பாஸ்டர். ஆயர் என்றால் மேய்ப்பர். அவர்கள் பயன்பாட்டிலும் குற்றமில்லை.

ஆக, சி.எஸ்.ஐ. பிஷப்பை ‘ஆயர்’ என்று அச்சிட்டால், ஒரு திருமண்டலத்தின் தலைவரை உள்ளூர்ப் போதகராக்கிவிடுகிறோம். அவரது ‘பேராயர்’ பட்டத்தை ஆங்கிலத்தில் ஆர்ச்பிஷப் ஆக்கினால் இல்லாத நாற்காலியில் உட்கார வைக்கிறோம். இரு சபையாரும் ஒரே மேடையேறும் கிறிஸ்துமஸ் விழாச் செய்தியில் சிக்கல் முற்றும். பட்டங்கள் சரியாகவே இருந்தாலும், கத்தோலிக்க ஆயரைவிட சி.எஸ்.ஐ. பேராயர் ஒரு படி மேல் என்று வாசகர் நினைப்பார். இருவரும் பிஷப்புகளே. அந்த இடத்தில் சபையின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மூலம் தமிழானால் ஆட்சி எல்லையின் பெயர் காட்டிக்கொடுக்கும்: மறைமாவட்டம், உயர்மறைமாவட்டம் என்றால் கத்தோலிக்கம்; திருமண்டலம், பேராயம் என்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. ஆங்கில மூலத்தில் மறைமாவட்டமும் திருமண்டலமும் ‘டயோசிஸ்’தான். முதலில் எந்தச் சபை என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்தச் சபையே வெளியிட்ட தமிழ் அறிக்கை ஒன்றைப் பாருங்கள். அகராதி கடைசியில்.

மேற்றிராணியாரில் ராணியைத் தேடுவது

ராணி இல்லை. கிரேக்க ‘மெட்ரோபொலிட்டன்’ (மாகாணத் தலைமைப் பேராயர்) வழி வந்த சொல் அது. ஆனால் பழைய கத்தோலிக்க ஆவணங்களில் சாதாரண பிஷப்பையே குறிக்கும். ஆர்ச்பிஷப் என்றால் அதிமேற்றிராணியார். மலையாளத்திலும் மெத்ரான் (பிஷப்) வேறு, மெத்ராப்போலீத்தா (மெட்ரோபொலிட்டன்) வேறு.

பிரிலேட் எல்லோரையும் பிஷப்பாக்குவது

பிரிலேட் என்றால் லத்தீனில் ‘முன்னே வைக்கப்பட்டவர்’ என்றுதான் பொருள். ஓபுஸ் தேயி என்ற கத்தோலிக்க அமைப்பின் தலைவர் பிரிலேட்; அவருக்கு ஆயர் பட்டம் கிடையாது என்று 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஆணையிட்டார். ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் லுத்தரன் சபையில் பிரேலாட்கள் பிஷப்புக்கு அடுத்த நிலையினர். ‘உயர்நிலைத் திருப்பணியாளர்’ என்று பொதுவாக எழுதுவது பாதுகாப்பு.

மொன்சிஞ்ஞோர்

இத்தாலியில் பிஷப்பையும் இப்படி அழைப்பார்கள். ஆங்கிலத்தில், இந்தக் கௌரவப் பட்டம் பெற்ற குரு மட்டுமே.

பிரைமேட்

குரங்கினம் அல்ல. நாட்டின் தலைமைப் பேராயர்.

வேர்ச்சொல்லை மொழிபெயர்ப்பது

கிரேக்க எபிஸ்கோபோஸ், மேற்பார்ப்பவர். ஸ்பானிய ஒபிஸ்போ, பிரெஞ்சு எவெக், ஜெர்மன் பிஷோஃப், அரபு உஸ்குஃப் எல்லாம் அதன் பிள்ளைகள். பழைய தமிழ் வேதாகமம் 1 தீமோத்தேயு 3-இல் இதைக் ‘கண்காணி’ என்றே பெயர்த்தது. மிகச் சரியான சொல். ஆனால் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியும் அதே சொல்தான்.