'இன்வின்சிபிள்' பார்க்க முன்னம்

கார்ட்டூன்தானே என்று ரிமோட்டைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடாதீர்கள். 2021இல் அமேசான் பிரைமில் வந்த இந்தச் சூப்பர்ஹீரோ தொடர் பெரியவர்களுக்கு எடுத்தது. முதல் பகுதி பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் பறக்கப் பழகும் கதையாகத்தான் போகும், ஆனால் கடைசி நிமிடங்களில் அவனுடைய தகப்பன் ஒம்னி-மேன் தன் கூட்டாளி வீரர்களையே கொல்லுவான், இரத்தம் எதையும் மறைக்க மாட்டார்கள். அதனால் முதலில் நீங்கள் தனியே இருந்து முடிவுவரை பாருங்கள். எட்டாம் பகுதி இன்னும் மோசம்: கட்டடங்கள் சரியும், ரயிலில் வந்த சனம் சிதறிச் சாகும்.

எங்கள் யாழ்ப்பாண வீடுகளில் இன்னொன்றும் இருக்கிறது. குண்டுவீச்சையும் 1995 இடப்பெயர்வையும் கண்ட அம்மம்மா பக்கத்து அறையில்தான் இருப்பார், படம் தெரியாவிட்டாலும் இடிசத்தமும் அலறலும் அவருக்குக் கேட்கும். ஹெட்போன் போடுங்கள், இல்லாவிட்டால் அவர் கோயிலுக்குப் போன நேரம் பாருங்கள்.

பிரைம் செட்டிங்கில் வயதெல்லை வைத்து, பூட்டுவதற்கு PIN நம்பர் போடலாம், சின்னவர்களுக்குத் தனி கிட்ஸ் புரொஃபைல். சரி, பிள்ளை ஏற்கனவே பார்த்துவிட்டதா? ஏசவேண்டாம். எந்த இடம் பயமாக இருந்தது என்று கேளுங்கள், அன்றிரவு தனியே படுக்க விடாதீர்கள்.