மூச்சு வாங்கியதும் நாற்காலியை இழுக்காதீர்கள்

சென்ற வாரம் ஒரு இளம் பிசியோதெரபிஸ்ட் சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பெரியவர் ஒருவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சுற்று வந்ததும் பெரியவருக்கு லேசாக மூச்சு வாங்கியது. "போதும் ஐயா, உட்காருங்க" என்று உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார். பழைய என்னையே பார்த்தது போல இருந்தது. செருப்பு சரியில்லை, சாப்பிட்ட கையோடு நடந்தார் என்பது போன்ற தவறுகள் எல்லோருக்கும் தெரிந்த கதை, அவற்றை விட்டுவிட்டு நாம் கவனிக்காமல் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

மூச்சு வாங்கியதும் நிறுத்துவது

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே நோயுள்ள, அறுபதைத் தாண்டிய ஒருவர் நடைப் பயிற்சிக்கு 8 வாரம் வந்தார். வாரத்துக்கு 3 நாள், ஒரு நாள்கூடத் தவறவில்லை. முதல் நாள் ஆறு நிமிட நடைச் சோதனையில் 300 மீட்டர் நடந்தவர், கடைசி நாளில் 306. ஏறக்குறைய 30 மீட்டராவது கூடினால்தான் முன்னேற்றம் என்போம். எங்கே தவறினோம் என்று நான் முழிக்க, அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நீங்க சொன்னபடிதான் தம்பி. மூச்சு வாங்கப் போகுதுன்னு தெரிஞ்சாலே நின்னுடுவேன்."

24 நாளும் அவர் உலாத்தியிருக்கிறார். உலாத்தச் சொன்னது நான்.

மூச்சு வாங்குமே என்று பயந்துதான் இவர்கள் நடையையே குறைத்துக்கொள்கிறார்கள். நடை குறைந்தால் தொடைத் தசை இளைக்கும். இளைத்த தசையில் சீக்கிரமே லாக்டிக் அமிலம் சேரும். அதற்காக இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டிவரும். இந்தச் சுழலை உடைக்கத்தான் பயிற்சி. அது நுரையீரல் சேதத்தைச் சரிசெய்யாது, கால்களைத் தேற்றும். கால் தேற வேண்டுமானால் கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் வேண்டும்.

எவ்வளவு? எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று நோயாளியே 0 முதல் 10 வரை எண் சொல்லும் போர்க் அளவுகோலில் 3 அல்லது 4. துண்டு துண்டாகவாவது பேச வர வேண்டும். வேகத்துக்கு அவர் கணக்கையே எடுத்துக்கொள்வோம்: 6 நிமிடத்தில் 300 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 50. அதில் 80 சதவீதம், அதாவது 40 மீட்டர். 20 நிமிடத்தில் 800 மீட்டர். ஒரே மூச்சில் முடியாதா, சரி, 2 நிமிடம் நடை, 1 நிமிடம் ஓய்வு என்று பிரித்துக்கொள்ளலாம்.

நெஞ்சு வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே போவது ஆகியவை வேறு விஷயம். அப்போது நிறுத்தியே ஆக வேண்டும். மருத்துவரிடம் சொல்லாமல் மறுபடி தொடங்கக் கூடாது.

"நல்லா இழுத்து மூச்சு விடுங்க"

அக்கறையாகத்தான் சொல்கிறோம். ஆனால் இவர்களுக்குச் சிக்கல் உள்ளே இழுப்பதில் இல்லை, வெளியே விடுவதில். முழுதாக விடும் முன்பே அடுத்த மூச்சை இழுப்பதால் காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சு உப்பிவிடுகிறது. உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுவது போல ஊதச் சொல்லுங்கள். இரண்டு காலடி வைக்கும்வரை இழுத்தால் நான்கு காலடி வைக்கும்வரை விட வேண்டும்.

சோதனையின்போது பக்கத்தில் நடப்பது

பின்னால் நடங்கள். பக்கத்தில் போனால் அது உங்கள் வேகம்.

சக்கர வாக்கரைப் பிடுங்குவது

கையை ஊன்றினால் மூச்சு எளிதாகும். விட்டுவிடுங்கள்.

இன்ஹேலர்

மருத்துவர் எழுதித் தந்திருந்தால், நடப்பதற்கு 15 நிமிடம் முன்பு. பாதி நடையில் அல்ல.

சளி, இருமல் முற்றிப் படுத்து எழுந்தவரைப் பழைய வேகத்தில் ஓட்டுவது

ஒரு வாரம் படுத்தாலே கால் பலம் போய்விடும். மறுபடி ஆறு நிமிடச் சோதனை வைத்து, புதுக் கணக்குப் போட்டுத் தொடங்குங்கள். பழைய தாளைப் பார்த்துவிட்டு "போன மாசம் 800 நடந்தேனே" என்று அவரே அடம்பிடிப்பார். அந்தத் தாளை அன்றைக்கு மேசையில் வைக்காதீர்கள்.